கம்மிய குரலும் கணினியின் செவியும்

மனிதனுக்கு வழங்கப்பட்ட அருட்கொடைகளை ஒவ்வொன்றாக நினைவூட்டும் ஸூரத்துர் ரஹ்மான், அவன் படைக்கப்பட்டதைச் சொன்னவுடன் அவனுக்குப் பேச்சு கற்பிக்கப்பட்டதைச் சொல்கிறது. பார்வையோ நடையோ அந்த இடத்தில் வரவில்லை. அப்படி முதலிடத்தில் வைக்கப்பட்ட அருட்கொடையைத்தான் நாம் எல்லாவற்றிலும் குறைவாகக் கவனிக்கிறோம். கண் சற்று மங்கினால் கண்ணாடி போடுகிறோம். பல் வலித்தால் அன்றே பல் வைத்தியரிடம் போகிறோம். குரல் மாதக்கணக்கில் கம்மிக் கிடந்தாலும், "தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லி மல்லித் தண்ணீரும் கல்லாக்காரமும் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

உயர்தர வகுப்பில் அலைகளும் ஒலியும் படிப்பிப்பவள் என்ற முறையில், அந்தப் பாடத்தை நமது தொண்டையோடு தொடுத்து ஒரு விடயத்தை இங்கே விளக்க விரும்புகிறேன். ஒருவரின் குரலைப் பதிந்து கணினிக்குக் கொடுத்தால் அதில் நோய் இருக்கிறதா என்று அதனால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்பதும் முடியாது என்பதும் இரண்டுமே பாதி விடைதான். கணினியின் செவி தானாக முளைத்ததல்ல. நாம் கொடுக்கும் குரல்களைக் கொண்டே அது ஆக்கப்படுகிறது. ஆகவே யாருடைய குரலை, எப்படிப் பதிந்து கொடுத்தோம் என்பதே அதன் தீர்ப்பைத் தீர்மானிக்கிறது.

குரல் வேறு, பேச்சு வேறு

பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போது நம்மில் பலர் ஓதும் துஆ ஒன்றுண்டு. தமது நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடுமாறு மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் இறைவனிடம் வேண்டியதே அது. நாவில் முடிச்சு என்பது பேச்சில் வரும் தடை. குரலில் வரும் தடை அதற்கும் கீழே, தொண்டையில் உண்டாவது. திக்குவாய், சொற்கள் குழைதல், சில எழுத்துகளை ஒலிக்க இயலாமை என்பன பேச்சுக் கோளாறுகள். கரகரப்பு, காற்றுக் கலந்த குரல், குரல் உடைதல், குரலே எழாமை என்பன குரல் கோளாறுகள். இரண்டையும் கணினி ஆராயக்கூடும். ஆனால் இரண்டுக்கும் வெவ்வேறு அளவுகோல்கள் வேண்டும்.

ஒலி எங்கே பிறக்கிறது என்று ஆராய்வது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாம் இயலான பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்துகளாக மாறுவதை விளக்குகிறது. மருத்துவ மேதை இப்னு ஸீனா அவர்கள் அரபு எழுத்தொலிகள் உண்டாகும் காரணங்கள் பற்றித் தனியே ஒரு சிறு நூல் எழுதி, குரல்வளையின் அமைப்பையும் அதில் விவரித்தார். குர்ஆன் மத்ரஸாவில் மக்ரஜ் படித்த சிறுமிக்கும் தொண்டையின் அடி, நடு, மேல் என்ற மூன்று இடங்களில் எந்தெந்த எழுத்துகள் பிறக்கின்றன என்பது தெரியும்.

எனினும் உயிருள்ள ஒருவரின் தொண்டைக்குள் நாண்கள் அசைவதைக் கண்ணால் தெளிவாகக் காண 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் மனுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய ஒளியின் உதவியோடு தம் குரல் நாண்களையே பார்த்தார். இன்றைய காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள் பயன்படுத்தும் கருவிகள் அந்தக் கண்ணாடியின் வழியில் வந்தவையே.

நாண்களின் உழைப்பு

குரல்வளைக்குள் இரு மடிப்புகள் உள்ளன. அவற்றையே குரல் நாண்கள் என்கிறோம். மூச்சு விடும்போது அவை விலகி நிற்கும். பேசும்போது நெருங்கி வந்து, நுரையீரலிலிருந்து எழும் காற்றால் மோதி மோதி அதிரும். வளர்ந்த பெண்ணின் குரலில் இந்த மோதல் செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை நடக்கிறது. ஆணின் குரலில் அதன் பாதி அளவே.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 40 நிமிடப் பாடவேளையில் ஆசிரியையின் நாண்கள் மொத்தமாக 20 நிமிடங்கள் அதிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் என்பது 1200 செக்கன். அதை 200ஆல் பெருக்கினால் 2 இலட்சத்து 40 ஆயிரம் மோதல்கள். ஒரு நாளில் ஐந்து பாடவேளைகள் என்றால் 12 இலட்சம். மின்விசிறியின் இரைச்சலுக்கும், ஐந்து சந்திப் பக்கமிருந்து வரும் வாகன ஒலிக்கும், பக்கத்து வகுப்பின் கூச்சலுக்கும் மேலாகக் குரலை உயர்த்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. ஓயாமல் அப்படி மோதும் இடத்தில், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு வருவதுபோல, சிறு தடிப்புகள் உண்டாகின்றன. இவற்றைக் குரல் நாண் முடிச்சுகள் என்பர். பெண்களிலேயே இவை அதிகம் காணப்படுகின்றன.

முடிச்சுகள் மட்டுமல்ல, நீர் கோத்த தசை வளர்ச்சி, நீர்க்கட்டி, ஒரு பக்க நாண் செயலிழத்தல், இரைப்பை அமிலம் மேலெழுந்து தொண்டையை அரித்தல் ஆகியவையும் குரலைக் கெடுக்கும். புகைப்பவர்களில் குரல்வளைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் பல வேளைகளில் கரகரத்த குரலே.

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒரு தடவையேனும் குரல் கோளாறு வந்ததாகக் கூறிய ஆசிரியர்கள் 57.7 சதவீதம். ஏனைய தொழில் செய்வோரில் அது 28.8 சதவீதம். இரட்டிப்பு வித்தியாசம். ஆசிரியப் பணியில் பெண்கள் நிறைந்திருக்கும் நம் நாட்டில் இது யாரைப் பற்றிய கணக்கு என்று விளக்கத் தேவையில்லை. தவணை முடியும் வாரத்தில் எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாலும் செவியே சொல்லிவிடும்.

கணினி எதை அளக்கிறது?

பயிற்சி பெற்ற செவி குரலைக் கேட்டே மதிப்பிடும். ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த முறையொன்று, கோளாற்றின் மொத்த அளவு, கரகரப்பு, காற்றுக் கலப்பு, பலவீனம், இறுக்கம் என்ற ஐந்துக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளியிடச் சொல்கிறது. இந்த முறை இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. ஆயினும் ஒரே குரலுக்கு இருவர் இரு புள்ளி இடுவதுண்டு. களைத்த செவி காலையில் கேட்டதுபோல மாலையில் கேட்பதில்லை. அளவீடு தேவைப்படுவது இதனால்தான்.

"ஆ…" என்று ஒரே சீராக ஐந்து செக்கன் ஒலிக்கச் செய்து பதிந்துகொள்கிறார்கள். அதை நேரத்துக்கு எதிரான வரைபாக்கினால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒரு வடிவத்துக்கு எடுக்கும் நேரம் ஆவர்த்தன காலம். அதன் தலைகீழ்தான் மீடிறன். 5 மில்லிசெக்கன் ஆவர்த்தன காலம் என்றால் மீடிறன் 200 ஹேர்ட்ஸ்.

உயிருள்ள தொண்டை கடிகாரம் போல இயங்குவதில்லை. ஆரோக்கியமான குரலிலும் ஆவர்த்தன காலம் சுற்றுக்குச் சுற்று அற்ப அளவில் மாறும். இந்த நடுக்கத்தை ஜிட்டர் என்கிறார்கள். விளக்கத்துக்காக நானே அமைத்த ஐந்து எண்களைப் பாருங்கள்: 5.0, 5.1, 4.9, 5.0, 5.0 மில்லிசெக்கன். அடுத்தடுத்த இரண்டுக்கிடையிலான வித்தியாசங்கள் 0.1, 0.2, 0.1, 0.0. இவற்றின் சராசரி 0.1. ஆவர்த்தன காலத்தின் சராசரி 5.0. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.02, அதாவது 2 சதவீதம். வைத்தியசாலைகளில் நெடுங்காலம் பயன்பட்ட எம்.டீ.வீ.பீ. என்ற மென்பொருள் 1.04 சதவீதத்தை எல்லைக் கோடாகக் கொள்கிறது. நம் எண்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. சாதாரண தரக் கணிதமே இதற்குப் போதும்.

ஆவர்த்தன காலத்துக்குப் பதிலாக வீச்சத்தை எடுத்து இதே கணக்கைச் செய்தால் கிடைப்பது ஷிம்மர். குரலின் உரப்பு எவ்வளவு தளும்புகிறது என்பதை அது காட்டும்.

மூன்றாவது அளவு, இசையொலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். நாண்கள் முழுமையாக மூடாதபோது இடைவெளியால் காற்று கசியும். அந்தச் 'சூ' என்ற ஒலி சீரான அலையோடு கலந்துவிடும். சக்தியில் 99 பங்கு சீரான அலையாகவும் ஒரு பங்கு இரைச்சலாகவும் இருந்தால் விகிதம் ஏறத்தாழ 20 டெசிபெல். இரண்டும் சமபங்கு என்றால் பூச்சியம். நல்ல குரலில் 'ஆ' ஒலிக்கு 20 டெசிபெல் அளவில் கிடைப்பது வழக்கம்.

இவை யாவற்றையும் அளக்கும் ப்ராட் என்ற மென்பொருளை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போல் புர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவர் உருவாக்கி உலகுக்கு இலவசமாக வழங்கியுள்ளனர். பாடசாலைக் கணினி அறையிலும் அது இயங்கும். ப்ராட் என்பது டச்சு மொழியில் பேச்சைக் குறிக்கும் சொல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரல் மிகவும் கெட்டுவிட்டால், ஒரு சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையே கணினியால் கண்டுகொள்ள முடியாது. அப்போது ஜிட்டர் எண்ணை நம்பக்கூடாது. நோய் முற்றிய இடத்தில்தான் இந்த அளவுகோல் வழுக்குகிறது. அதனால் சுற்றுகளைத் தனித்தனியே எண்ணாமல் முழு அலையின் அமைப்பையும் ஒன்றாக ஆராயும் வேறு அளவுகளும் பின்னர் வந்தன.

அடுத்த படி கற்றல். நோயுள்ள குரல்களும் நோயற்ற குரல்களும் ஏராளமாகப் பதியப்பட்டு, ஒவ்வொன்றும் எது என்று வைத்தியர் குறித்துக் கொடுக்கிறார். கணினி ஒவ்வொரு குரலையும் எண்களின் வரிசையாக மாற்றி, இரு கூட்டத்தையும் பிரிக்கும் எல்லையைத் தேடுகிறது. பின்பு முன்னே கேட்டிராத ஒரு குரலைக் கொடுத்தால், எல்லையின் எந்தப் பக்கத்தில் அது விழுகிறது என்று சொல்கிறது.

எண்கள் ஏமாற்றும் மூன்று இடங்கள்

"கணினி 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று படித்தவுடன் வியந்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதற் கேள்வி: எத்தனை பேர் நோயுள்ளவர், எத்தனை பேர் இல்லாதவர்? அமெரிக்காவின் மசசூசெட்ஸ் கண், காது வைத்தியசாலையில் பதியப்பட்டு 1994இல் விற்பனைக்கு வந்த குரல் தொகுப்பே நெடுங்காலம் இந்தத் துறையின் உரைகல்லாக இருந்தது. அதில் நோயுள்ள குரல்கள் 657. நோயற்றவை 53 மட்டுமே. எதையும் கேளாமல் எல்லோரையும் "நோயாளி" என்று சொல்லும் ஒரு கல்லுப்பிள்ளையாருக்கும், 710இல் 657 சரியாகி, 92.5 சதவீதம் கிடைத்துவிடும்! ஆகவே நோயுள்ளவரில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தது, நோயற்றவரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிட்டது என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: இரு கூட்டத்தினரின் குரலும் ஒரே இடத்தில், ஒரே கருவியால் பதியப்பட்டதா? மேற்சொன்ன தொகுப்பில் நோயற்ற குரல்களும் நோயுள்ள குரல்களும் வெவ்வேறு சூழலில் பதியப்பட்டவை என்று ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். அப்படியாயின் கணினி கற்றுக்கொண்டது தொண்டையின் வித்தியாசத்தையா, அறையின் வித்தியாசத்தையா? அது பாவம், நோய் என்றால் என்னவென்று அறியாது. இரு கூட்டத்தையும் பிரிக்க எது இலகுவோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது கேள்வி: கற்பித்த ஆளையே பரீட்சையிலும் வைத்தார்களா? பார்க்கின்சன் நோயில் நடுக்கம் கையோடு நிற்பதில்லை, குரலையும் தளர்த்திவிடும். அதை ஆராய ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் மெக்ஸ் லிட்டில் வெளியிட்ட தொகுப்பில் 195 பதிவுகள் உள்ளன. ஆட்களோ 31 பேர்தான், அவர்களில் 23 பேர் நோயாளிகள். ஒருவருக்கு ஏறத்தாழ ஆறு பதிவுகள். இவற்றைக் கலந்து, சிலவற்றைக் கற்பிக்கவும் சிலவற்றைச் சோதிக்கவும் எடுத்தால், ஒரே ஆளின் குரல் இரு பக்கத்திலும் விழும். அப்போது கணினி நோயை அடையாளம் காண்பதில்லை, ஆளை அடையாளம் காண்கிறது. வகுப்பில் செய்து காட்டிய அதே கணக்கைப் பரீட்சையில் போட்டுவிட்டு, பிள்ளைகள் எல்லோரும் விண்ணர்கள் என்று மகிழ்வது போன்றது அது.

இம்மூன்றையும் கடந்த நல்ல கணினிக்கும் ஓர் எல்லை உண்டு. 100 ஆசிரியைகளில் 10 பேருக்குக் கோளாறு என்று கொள்வோம். கணினி நோயுள்ளவரில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடிக்கும், நோயற்றவரில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விட்டுவிடும் என்றும் கொள்வோம். பத்துப் பேரில் 9 பேர் பிடிபடுவர். மீதி 90 பேரில் 9 பேர் நோயில்லாமலே பிடிபடுவர். ஆக, கணினி கை காட்டிய 18 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. கணினி சொல்வது "போய்க் காட்டுங்கள்" என்ற அறிவுரை மட்டும்தான். "இதுதான் நோய்" என்று சொல்ல, நாண்களைக் கண்ணால் பார்க்கும் வைத்தியர் வேண்டும்.

ரியாத்தில் பதிந்த குரல்கள்

இக்குறைகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட தொகுப்பொன்று நமக்குச் சிறந்த முன்மாதிரி. ரியாத்தின் மன்னர் ஸஊத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரபு மொழி பேசுவோரின் குரல்களைத் திரட்டி, 2017இல் அதன் விபரத்தை வெளியிட்டனர். நோயுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டனர். எல்லோருடைய குரலும் ஒரே முறையில் பதியப்பட்டது. நீண்ட உயிரொலிகள், எண்கள், அன்றாடச் சொற்கள் ஆகியவற்றோடு தொடர்ந்த பேச்சு ஒன்றும் தேவைப்பட்டது. ஆனால் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத நோயாளி என்ன செய்வார்? அவர்கள் தெரிந்தெடுத்தது ஸூரத்துல் பாத்திஹாவை. எழுத்தறியாத முதியவருக்கும் அது மனனம். நீளமும் அளவானது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் பெரியது. ஜெர்மனியின் ஸார்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2000 பேருக்கு மேற்பட்டோரின் குரலைப் பதிந்தபோது, காலை வணக்கம் கூறி நலம் விசாரிக்கும் ஒரு ஜெர்மன் வாக்கியத்தைச் சொல்லச் செய்தார்கள். ரியாத்தில் அந்த வாக்கியத்தைக் கடன் வாங்கவில்லை. தம் மக்களின் நாவில் ஏற்கெனவே இருப்பது எது என்று கேட்டார்கள்.

தமிழ்க் குரல்கள் எங்கே?

தமிழிலும் தொடக்கம் உண்டு. சென்னை எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரி ஆய்வாளர்கள், பெருமூளை வாதத்தால் வாய்த் தசைகள் கட்டுப்படாது சொற்கள் குழையும் 20 பேரின் தமிழ்ப் பேச்சையும், ஒப்பிடுவதற்காக அக்குறையற்ற 10 பேரின் பேச்சையும் பதிந்து ஒரு தொகுப்பை ஆக்கினர். மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இத்துறைக்கு ஆட்களைப் பயிற்றி வருகிறது. நம் நாட்டில் ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்தில் பட்டப் படிப்பை நடத்துகிறது. உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவிகள் வைத்தியத் துறை ஒன்றையே நினைத்துக்கொண்டிராமல் இதையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. தமிழில் பேசி, தமிழ்க் காதால் கேட்டுச் சிகிச்சை அளிக்கும் பெண்கள் நம் மாகாணத்துக்கு வேண்டும்.

'ஆ' என்ற ஒலிக்கு மொழி பெரிதாகத் தேவையில்லை. ரியாத்தில் கற்ற கணினி யாழ்ப்பாணத்து 'ஆ'வையும் ஓரளவு கேட்கும். தொடர்ந்த பேச்சுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. சென்னைத் தமிழின் ஏற்ற இறக்கம் வேறு, வடமராட்சித் தமிழின் இழுவை வேறு. நம் சோனகத் தெருவிலேயே ஒரு வீட்டுக்குள் இரண்டு விதமான தமிழ் கேட்கும். 1990 ஒக்டோபருக்கு முன் இங்கேயே வளர்ந்த வாப்பும்மாவின் பேச்சு ஒன்று. இடம்பெயர்ந்த பின் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்த பேத்தியின் பேச்சு இன்னொன்று. ஒரே ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்த கணினி, தான் கேட்டிராத பேச்சு முறையைக் கோளாறு என்று கருதிவிடக்கூடும். நோயில்லாதவர் நோயாளியாவதும், நோயுள்ளவர் தப்பிப்போவதும் இப்படித்தான்.

நம் பெண்கள் சம்பந்தப்பட்ட ஒரு விடயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். தம் குரல் பதியப்பட்டு எங்கோ ஒரு கணினியில் கிடப்பதை விரும்பாத பெண்கள் நம்மிடையே பலர். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. குரல் என்பது கைநாட்டுப் போல ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஆனால் அவர்கள் குரல் எதுவும் தொகுப்பில் இல்லையென்றால், நாளை வைத்தியசாலைக்கு வரும் கருவி அவர்களை அறியாததாகவே வரும். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. பெண்களின் குரலைப் பெண்களே பதியலாம். பெயருக்குப் பதிலாக இலக்கம் இடலாம். பேச்சு வேண்டாம் என்பவரிடம் 'ஆ' என்ற ஒலியை மட்டும் பெறலாம். அளவுகளை எடுத்தபின் ஒலிப்பதிவை அழித்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதற்காக, யாரிடம், எவ்வளவு காலம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிச் சம்மதம் கேட்கலாம். அமானிதத்தைப் பேணும் வழியும் இதுவே, நல்ல ஆய்வு முறையும் இதுவே.

எதை வாசிக்கச் செய்வது என்பதையும் யோசித்தேன். பாத்திஹா நமக்கும் மனனம்தான். ஆனால் நாம் அதைத் தஜ்வீத் முறைப்படி நீட்டி, இராகத்தோடு ஓதப் பழகியவர்கள். அந்த ஏற்ற இறக்கம் தமிழ்ப் பேச்சின் இயல்பைக் காட்டாது. முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அடங்கிய தொகுப்புக்கு எல்லோர் நாவிலும் உள்ள ஒன்று வேண்டும். ஒன்று முதல் இருபது வரை எண்ணுவதும், வாரத்தின் ஏழு நாட்களைச் சொல்வதும், "இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்கு விடை கூறுவதும் போதுமானவை என்பது என் எண்ணம். கடைசிக் கேள்விக்கு வரும் விடையில்தான் ஊர்த் தமிழ் தன்னியல்பாக வெளிவரும்.

நாம் செய்து பார்க்கக்கூடியவை

கணினி இல்லாமலே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவது, ஆழமாக மூச்செடுத்து 'ஆ' என்று எவ்வளவு நேரம் நிறுத்தாமல் ஒலிக்க முடிகிறது என்று மணிக்கூட்டில் பாருங்கள். மூன்று தடவை செய்து கூடிய நேரத்தை எடுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு 15 செக்கன் அல்லது அதற்கு மேல் வருவது வழக்கம். பத்துக்கும் கீழே நின்றால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனைக்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. அரபு ஓதியவர்களுக்கு அது இலகு. ஸீன் எழுத்தின் ஒலியை எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பாருங்கள். பிறகு ஸாய் எழுத்தின் ஒலியை இழுங்கள். கழுத்தில் விரலை வைத்தால் முதலாவதில் அதிர்வு இருக்காது, இரண்டாவதில் நாண்கள் அதிர்வது தெரியும். முதல் நேரத்தை இரண்டாவதால் வகுத்தால் ஒன்றுக்கு அருகில் வர வேண்டும். 1.4க்கு மேலே போனால், மூச்சில் குறையில்லை, நாண்கள் சரியாக மூடவில்லையோ என்று சந்தேகிக்கலாம். நூறு ஆண்டு நோயறிதல் நூல்களைப் புரட்டாமலே, மத்ரஸாவில் கற்ற இரண்டு எழுத்துகள் ஒரு சிறிய சோதனைச் சாலையாகிவிடுகின்றன.

மூன்றாவதற்குக் கணினி வேண்டும். விஞ்ஞான மன்றத்தார் ப்ராட் மென்பொருளை நிறுவி, மின்விசிறியை நிறுத்தி, கதவை மூடி, ஒலிவாங்கியை எல்லோருக்கும் ஒரே தூரத்தில் வைத்து, சம்மதிப்பவர்களின் 'ஆ' ஒலியைத் தவணையின் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் பதியலாம். ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடாமல், அவரவர் முதல் எண்ணோடு அவரவர் கடைசி எண்ணை ஒப்பிடுங்கள். ஒரே அறை, ஒரே கருவி, ஒரே ஆள். முன்னே சொன்ன பொறிகளில் முக்கியமானவை இப்படித் தவிர்க்கப்படுகின்றன. கிடைப்பது நோய் முடிவன்று. யாருக்குக் குரல் தேய்ந்துகொண்டு போகிறது என்ற முன்னறிவிப்பு மாத்திரமே.

எண் எதுவானாலும் ஒரு விதியை மறக்க வேண்டாம். தடிமன் காய்ச்சல் மாறிய பிறகும் குரல் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் கம்மியே இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. விழுங்கும்போது வலித்தால், மூச்சு முட்டினால், இரத்தம் வந்தால், கழுத்தில் கட்டி தென்பட்டால் நாளைக் கடத்தவே கூடாது. மல்லித் தண்ணீரும் இஞ்சியும் தொண்டைக்கு இதம் தரும். நாணில் வந்த முடிச்சைக் கரைக்காது. முடிச்சாக இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் முதலில் கத்தியை எடுப்பதில்லை. குரலுக்கு ஓய்வு கொடுப்பதும், மூச்சையும் குரலையும் சேர்த்துப் பேசப் பழக்குவதும்தான் முதற் சிகிச்சை. அடிக்கடி மிடறு தண்ணீர் குடிப்பது நல்லது. நோன்பு காலத்தில் அது இயலாதபோது, சத்தம் போட்டுப் படிப்பிப்பதைக் குறைத்துக் கரும்பலகையைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம். குரல் கம்மியபோது வலிந்து குசுகுசுப்பதும் ஓய்வாகாது. அதுவும் தொண்டையை இறுக்கும்.

மாணவிகளே, வகுப்பில் ஆசிரியை குரலை உயர்த்த வேண்டிய தேவை குறைந்தால் அந்த 12 இலட்சம் மோதல்களும் மெதுவாகும். இது கணினி எதுவும் செய்து தர முடியாத, நீங்கள் மட்டுமே செய்து தரக்கூடிய சிகிச்சை. இந்தக் குடாநாட்டின் குரல்களை அறிந்த ஒரு கணினி என்றோ ஒரு நாள் வரத்தான் போகிறது. அதற்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பவர்கள் நீங்களாக இருக்க வேண்டும் என்பதே என் அவா.